கொடுக்கு இல்லாத குளவி

காலையில் நாட்காட்டியை மாற்றப்போனால் அதன் பின்னால் ஒரு மண்கூடு. நேற்றுத்தான் குளவி கட்டியிருக்க வேண்டும், ஈரம் காயவில்லை. வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம்; மருமகள் சிரித்துக்கொண்டே உடைக்க வேண்டாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மண் வாசனையோடு நீதான் வந்தாய். இத்தனை வருஷம் கழித்தும் உன்னை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

எமர்ஜென்சி சமயத்தில் பாலக்காட்டில் ஒரே கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தோம். நான் கல்பாத்தி அக்ரகாரத்திலிருந்து குடையும் கையுமாக நடந்து வருகிறவள். நீ மூணாறு தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து கிள்ளிய கூலியில் படித்து வந்தவள். விடுமுறை விட்டால் போதும், மறையூருக்கு பஸ் ஏறிவிடுவாய். பூச்சி பிடிக்கும் வலையும் கண்ணாடிக் குழாய்களும் என் தலையில். அங்கே மலைமேல் புல்வெளிக்கு நடுவே சின்னச் சின்னச் சோலைகள். "ஒவ்வொரு சோலையும் ஒரு தீவு புள்ள. இந்தத் தீவுப் பூச்சி அந்தத் தீவுக்குப் போவாது" என்பாய்.

அப்படி ஒரு சோலையில்தான் அந்தக் குளவி கிடைத்தது. கறுத்த உடம்பு, இடுப்பில் ஒரு மஞ்சள் கோடு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனம். பெயரைக்கூட உடனே முடிவு செய்துவிட்டாய், உன் அம்மாவின் பெயர். பாதிப் பூச்சிகள் துரைமார் பெயரில் இருக்கின்றன, ஒன்றாவது கொழுந்து கிள்ளியவள் பெயரில் இருக்கட்டும் என்றாய். ஆனால் நாம் பிடித்தவை எல்லாம் பெண். ஆணையும் பார்த்து விவரித்தால்தான் அச்சிடுவோம் என்று ஆய்விதழ்க்காரர்கள் நம் கட்டுரையைத் திருப்பிவிட்டார்கள்.

ஆண் குளவி பூத்த செடியில்தான் அகப்படும். தேனீயும் அங்கேதான் வரும். முந்தின வருஷம் ஒரே ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நீ. இன்னொரு கொட்டு தாங்காது என்று டாக்டர் நம் இருவரிடமும் சொல்லியிருந்தார். நானே போய்ப் பிடித்து வருகிறேன் என்றேன். என் கண்ணை நீ நம்பவில்லை. பறக்கும்போதே ஆணா பெண்ணா என்று உனக்குத்தான் தெரியும். "வேண்டாம்டி, சொன்னாக் கேளு. பேரு அப்பறம் வச்சுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டு வரை கெஞ்சினேன்.

"அம்மாவுக்கு வயசாவுதுல்லா" என்றாய். உன்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் ஏறினேன்.

சோலை ஓரத்துப் புதரெல்லாம் பூத்துக் கிடந்தது. பத்து மணி வெயிலில் ஒரு குளவி அகப்பட்டது. குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஆண்தான் என்று என்னிடம் காட்டினாய். உன் கழுத்தில் தேனீ உட்கார்ந்ததை நாம் இருவருமே பார்க்கவில்லை; கொட்டிய பிறகுதான் தெரிந்தது. மாத்திரை உன் பையில்தான் இருந்தது, விழுங்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. "இத ஒடைக்காம கொண்டு போயிரு" என்று குழாயை என் கையில் திணித்தாய். ஃபாரஸ்ட் வாட்சர் ஒருவரும் நானுமாக உன்னை ஜீப் பாதைக்குத் தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விவரிப்பை நான் எழுதி முடித்தேன். கால்களின் நிறம், இறக்கையின் நரம்புகள், பிடித்த இடம், பிடித்தவர் பெயர். பிடித்தவர் என்ன ஆனார் என்று எழுத அதில் இடம் கிடையாது. அச்சில் வந்ததும் அந்தக் குளவியைக் குத்தி வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். உன் அம்மா லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் எம்மவளக் கொன்னுச்சா, தாயி?"

"இல்லம்மா. அது தேனீ. இது ஆண் குளவி, இதுக்குக் கொடுக்கே கிடையாது."

"கொட்டத் தெரியாததத் தேடியா அம்புட்டுத் தூரம் போனா?"

அதற்கு அவர் பெயரையே வைத்திருப்பதைச் சொன்னேன். அவர் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகு அந்தச் சோலையை வெட்டி யூகலிப்டஸ் நட்டார்கள். அந்தக் குளவியை அப்புறம் யாரும் பிடித்ததாகத் தெரியவில்லை. உன் அம்மாவும் போய்விட்டார். நாட்காட்டியை இன்று வேறு ஆணியில் மாட்டினேன், கூடு இருந்துவிட்டுப் போகட்டும். கொட்டத் தெரியாததைத் தேடியா போனாள் என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. உன்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்.