தம்பிக்குக் கிண்டிய உழுத்தங்களி

சண்டிலிப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பான அப்பாவுக்கு,

டோஹாவில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். மிளகாய்க் கன்றுகள் வேர் பிடித்துவிட்டன. எமில்ராஜ் அண்ணை விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அம்மா கேட்பார், தம்பி கேட்பான், சில நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் பொன்மலர் அன்ரியும் கேட்பார்.

விசயம் தம்பியைப் பற்றியது. லக்ஷனை அடுத்த தவணையிலிருந்து கொடிகாமத்தில் பெரியப்பா வீட்டில் விட்டுப் படிப்பிக்கப் போவதாகப் போன கிழமை சொன்னீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான், அம்மாவை எதிர்த்துக் கதைக்கிறான், உங்களோடு கதைக்கவே மறுக்கிறான், பெரியப்பாதான் இவனை அடக்குவார் என்றீர்கள். முடிவெடுக்க முன்னர் நான் கண்டதையும் கேளுங்கள்.

எல்லாம் கோயிலில்தான் தொடங்கியது. வெள்ளிக்கிழமைப் பூசையில் பஞ்சபுராணம் பாடுவது அவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆவணியில் ஒரு வெள்ளி, தேவாரத்தை மேலே எடுத்த இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவனுடையது, மற்றப் பாதி யாரோ பெரிய மனிதருடையது. ஐயர் தீபத்தைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். அடுத்த கிழமை வயிற்றுவலி என்றான், அதற்கு அடுத்த கிழமை கால்வலி. நல்லூர்த் திருவிழாவில் குடித்த ஐஸ்கிறீம்தான் தொண்டையைக் கெடுத்தது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். காலையும் மாலையும் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு, நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கு நாவூறு பட்டுவிட்டது என்று செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். தம்பியின் குரல் திரும்பவில்லை. மூவரும் இருமியதுதான் மிச்சம்.

அந்த நாட்களில்தான் உங்கள் போன் வந்தது. கணக்குப் புள்ளியைச் சொல்லத் தம்பி ஆசையாக ஓடிவந்தான். வாய் திறந்ததும் குரல் உடைந்தது. “ஆரப்பா அது, வீட்டுக்கை கிடாய் வளக்கிறியளோ?” என்று கேட்டீர்கள். உங்கள் அறையில் இருந்தவர்களும் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. பகிடிக்குத்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அவன் புள்ளியைச் சொல்லாமலே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். அதன் பிறகுதான் உங்களோடு கதைப்பதை நிறுத்தினான். தொண்ணூற்றிரண்டு எடுத்திருந்தான், அப்பா.

எங்கள் சுகாதாரப் பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வீட்டில் வாசியுங்கள் என்று சொல்லி ரீச்சர் வேகமாகத் தாண்டிவிட்ட அத்தியாயம். அம்மா வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் இருந்து அதைச் சத்தமாக வாசித்தேன். ஆண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் குரல்வளை பெரிதாகும், முகத்தில் பரு வரும், காரணமில்லாமல் கோபம் வரும், கூச்சம் வரும், தனியாக இருக்கத் தோன்றும், எல்லாம் இயல்பு என்று எழுதியிருக்கிறது. உதெல்லாம் பொம்பிளைப் பிள்ளையள் வாசிக்கிறதோ என்று அம்மா அதட்டினார். சோதினைக்கு வரும் என்றேன். இன்னும் இரண்டு வெங்காயத்தை உரித்துப் போட்டார். பிறகு, “எனக்கு அண்ணை தம்பி ஆருமில்லைப் பிள்ளை. உதுகளை நான் ஆரிட்டைக் கேக்கிறது?” என்றார்.

எனக்குச் சாமத்திய வீடு நடந்தபோது மண்டபம் எடுத்தோம், வீடியோ எடுத்தோம், மாமி தலையில் பாலும் அறுகும் வைத்தார், எனக்குத் தெரியாத மனிதர்கள்கூட வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் பெரியவளானது ஊருக்கே தெரியும். அவன் பெரியவனாகிறான் என்பது வீட்டுக்கே தெரியவில்லை. கிடைத்தது கொத்தமல்லித் தண்ணீர் மட்டும்தான்.

ஆனால் அம்மா விளங்கிக்கொண்டால் முழுதாக விளங்கிக்கொள்கிறவர். அடுத்த நாள் காலை தம்பியின் முன்னால் பச்சை முட்டை, ஒரு கரண்டி நல்லெண்ணெய், சுடச்சுட உழுத்தங்களி எல்லாம் வந்துவிட்டன. நான் பெரியவளானபோது எனக்குத் தந்த அதே சாப்பாடு. வளருகிற பிள்ளைக்குச் சத்து வேணும், அதிலை ஆணென்ன பெண்ணென்ன என்று அம்மா விளக்கமும் சொன்னார். தம்பி களியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “அக்கா, எனக்கும் மண்டபம் எடுத்தாச்சோ?” என்று கேட்டான். அந்த ஒரு வசனத்திலேயே குரல் மூன்று தரம் மாறியது. அம்மாதான் முதலில் சிரித்தார். அவனும் சிரித்தான், அந்தச் சிரிப்பும் உடைந்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தோம். நல்லெண்ணெயை வாழைக்கு ஊற்றிவிட்டான். களியை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அன்றிலிருந்து அம்மா அவன் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறார். அவனும் இப்போது பூட்டுவதில்லை.

ஆனாலும் அம்மாவாலும் என்னாலும் முடியாதவை இருக்கின்றன. போன கிழமை அவன் மேலுதட்டில் ஒரு வெட்டுக் காயம். தேசிக்காய் மரத்து முள்ளு கீறியது என்றான், அம்மா மஞ்சள் பூசிவிட்டார். நீங்கள் விட்டுப்போன றேசர்தான் கீறியது என்று எனக்குத் தெரியும். அதை எப்படிப் பிடிப்பது என்று என் புத்தகத்தில் இல்லை. நேற்று கிணற்றடியில் என்னிடம் மெதுவாக, “அப்பாவுக்கும் இப்பிடித்தான் உடைஞ்சதோ?” என்று கேட்டான். அம்மாவைக் கேட்டுப் பார்த்தேன். அம்மா உங்களை முதன்முதலாகக் கண்டபோதே உங்களுக்கு மீசை இருந்ததாம்.

பெரியப்பா நல்லவர்தான். அவருடைய ஒரு சத்தத்துக்கே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். தம்பி ஏற்கெனவே அடங்கித்தான் இருக்கிறான், அப்பா. அவனைக் கொடிகாமம் அனுப்பவேண்டாம். வருகிற வெள்ளி பின்னேரம் நீங்கள் அறைக்கு வெளியே போய் நின்று அவனுக்குப் போன் எடுங்கள். வீட்டில் அவன் மட்டும்தான் இருப்பான். போனை மறந்துபோனதுபோல மேசையில் வைத்துவிட்டு என்னோடு கோயிலுக்கு வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கர் போடாமல் கதைப்பான். முதலில் பேசாமல் இருப்பான், குரல் உடையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்டை எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுடைய கதையைச் சொல்லுங்கள்.

பிள்ளையார் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடுங்கள். அன்றைக்குப் பூசை முடிந்தாலும் அம்மாவும் நானும் கோயில் வீதியை இன்னும் ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் வருவோம். நீங்கள் ஆறுதலாகக் கதையுங்கள்.

உங்கள் மகள்,
கஜந்தினி