பாதிக் கோலம்

செவ்வாய், இரவு.

விஷ்ராந்த்வாடி சிக்னலில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இடப்பக்கம் இருப்பது எதுவும் என் கவனத்துக்கு வருவதில்லை. தட்டில்கூட இடப்பக்கத்துச் சோறு அப்படியே கிடக்கும். வாசல் கோலத்தை மட்டுமாவது முழுசாகப் போடுகிறேன் என்று நம்பியிருந்தேன்.

இன்று எதிர் ஃபிளாட் மராத்திக்காரம்மா இந்தியில் சொன்னாள்: "நீங்க உள்ள போனதும் உங்க வீட்டுக்காரர் வந்து மீதி ரங்கோலியைப் போட்டுடறார். எவ்வளவு அன்பு!"

அவரிடம் கேட்டேன். "நீ சந்தோஷமா இருந்தே. சொல்ல மனசு வரலை" என்றார்.

கோலமாவு டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நாளைக்குப் பாதிதான் வந்தாலும் அவர் கைவைக்கக் கூடாது.

எழுதியதில் டைரியின் இந்தப் பக்கம் நிரம்பிவிட்டது போலத்தான் தெரிகிறது. தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.