துருப்பிடிக்காத சாவி

நவ. 12, புதன்

காலையிலிருந்து தூறல். எண்ணூர் பக்கம் வானம் சாம்பல் நிறம். மேகமா, அனல்மின் நிலையத்துச் சாம்பலா, தெரியாது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் கேட் மோட்டாருக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். எனக்குப் பிழைப்பு.

இன்றைய வேலை:
– மாத்தூர் டாக்டர் வீடு. கேட் பாதியில் நிற்கிறது என்றார்கள். போர்டுக்குள் பல்லி. கருகிவிட்டது, பல்லியும் போர்டும்.
– திருவொற்றியூர் குடோன். சென்சார் கண்ணில் உப்பு. துடைத்தால் போதும். துடைத்தேன். பெரிய வேலை செய்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.
– வீட்டுக்காரி மும்தாஜுக்கு முழங்கால் தைலம். மறந்துவிட்டேன்.

மதியம் சதீஷ் போன். நெட்டுக்குப்பம் கஜேந்திரன் அண்ணன் மகன். கேட் கீழே கிடக்கிறது, வந்து பார் என்றான். தள்ளி ஓடும் கேட் எப்படிக் கீழே கிடக்கும் என்று கேட்டேன். தூக்கிப் போட்டோம் என்றான். அப்புறம்தான் சொன்னான்.

திங்கள் ராத்திரி மழையில் கரண்ட் போன நேரம். கஜா அண்ணன் பாத்ரூம் வாசலில் விழுந்திருக்கிறார். வாய் கோணி, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறது. கேட் திறக்கவில்லை. பேட்டரி உப்பில் செத்துப்போயிருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு சாவி உண்டு. போட்டுத் திருப்பினால் மோட்டார் விடுபடும், கேட்டைக் கையால் தள்ளலாம். அந்தச் சாவியை வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். எனக்கும் போன் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் கரண்டோடு டவரும் போயிருந்தது. பக்கத்துச் சின்னக் கேட் துருவேறி இறுகி, எப்போதோ வெல்டு வைத்து அடைத்தது. மதில் மேல் கண்ணாடிச் சில்லு. கடைசியில் குப்பத்து ஆட்கள் சாக்குப் போட்டு மதிலேறிக் குதித்து, கடப்பாரையால் நெம்பி, கேட்டையே தூக்கிக் கீழே சாய்த்தார்கள்.

“கொஞ்சம் முன்னாடி இட்டாந்திருந்தா கை தப்பிச்சிருக்கும்னு டாக்டரு சொல்றாரு பாய். எங்கம்மா சாவிய எங்கியோ தொலைச்சுட்டுது.”

நாளைக்கு வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

செல்வி அக்கா சாவியைத் தொலைக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

சாப்பாடு என்று பேர். ரெண்டு வாய்.

எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது.

கேட் மாட்டி முடித்த அன்று சாவியைக் காட்டுவேன். போட்டுத் திருப்பிக் காட்டுவேன். வீட்டுக்காரர் கையில் கொடுத்து ஒரு தடவை திருப்பச் சொல்வேன். “பத்திரமா வெச்சுக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே திரும்ப வாங்கி என் பையில் போட்டுக்கொள்வேன். ரிமோட், வாரண்டி, பேட்டரி என்று பேச்சை மாற்றிவிடுவேன். கையில் வாங்கிப் பார்த்த ஞாபகம் அவர்களுக்கு இருக்கும். திருப்பித் தந்த ஞாபகம் இருக்காது. சாவி இல்லாமல் வேறு மெக்கானிக் மோட்டாரைத் தொட முடியாது. எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். இதுவரை இதை நான் திருட்டு என்று நினைத்ததே இல்லை. சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

சாவிகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில். கிரீஸ் தடவி, எது யார் வீடு என்று தெரிய ஆளுக்கொரு கலர் வயர் சுற்றி. கஜா அண்ணன் வீட்டுச் சாவிக்கு நீல வயர். இப்போது எடுத்துப் பார்த்தேன். மாசி மகத்துக்கு முன்னால் போட்டது. நேற்று வாங்கினது மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி டவர் இல்லாமல் போனது நல்லதாய்ப் போச்சு என்று ஒரு நொடி தோன்றியது. போன் வந்திருந்தால் என்னிடம்தான் இருக்கு என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அப்படித் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். கஜா அண்ணன் போன ரம்ஜானுக்கு வஞ்சிரம் கொடுத்தனுப்பியவர்.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். கடல் காற்று உதட்டில் கரிக்கிறது.

நெட்டுக்குப்பம் போனேன். கேட் வாசலில் மல்லாந்து கிடக்கிறது. மோட்டார் கேட்டை இழுக்கும் பல் பட்டை வளைந்திருக்கிறது, கீழே உருளை ஒன்று உடைந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் டயர்த் தடம் இன்னும் சேற்றில். என்னென்ன வாங்க வேண்டும் என்று குறித்தேன்: உருளை, பேட்டரி, நட்டு போல்ட்டு எல்லாம் எவர்சில்வரில்.

வீட்டுக்குள்ளே எல்லாமே கவிழ்த்துப் போட்டுக் கிடந்தது. செல்வி அக்கா இன்னும் தேடுகிறார். அரிசி ட்ரம்மில் கையை விட்டு, தலையணை உறையைப் பிரித்து, சாமி படத்துக்குப் பின்னால். கண்ணெல்லாம் வீங்கி. காசிமேடு ஏலத்தில் விடியற்காலையில் நாலு ஆம்பளைகளைக் கத்தி அடக்குகிற அம்மா. என்னைப் பார்த்ததும் குரல் கம்மிப் போனது.

“நீ என் கையில குட்த்தது ஞாபகம் கீது பாய். வாங்கினேன். திருப்பினேன். அப்பறம் எங்க வெச்சேன்னுதான் தெரியல.”

சதீஷ் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். என் முன்னாலேயே சொன்னான். “மீன் கணக்கு ஒரு ரூவா மறக்க மாட்ட. அப்பா உயிரு போற சாவிய மட்டும் மறந்துருவ.”

அக்கா திரும்ப அரிசி ட்ரம்மில் கையை விட்டார். நான் வாசலுக்கு வந்து குனிந்து போல்ட்டைக் கழற்றினேன். டப்பா என் பையில், பை என் காலுக்குப் பக்கத்தில். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். டீ கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்த மாதிரி. அதைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறவருக்குச் சாவி ஞாபகமில்லை என்று ஊரே நம்புகிறது.

நவ. 14, வெள்ளி

– தைலம் வாங்கியாச்சு.
– டாக்டர் வீட்டுப் போர்டு வரவில்லை. நாளைக்கு என்கிறான். போன வாரமும் நாளைக்குத்தான்.
– ஜும்மா. கடைசி வரிசையில் நின்றேன்.

மும்தாஜ் கேட்டாள், யாராவது திட்டினார்களா என்று. இல்லை என்றேன். திட்டினால் தேவலை என்று சொல்லவில்லை. யாரோ ஒருத்தன் என்று கதை மாதிரி ஆரம்பித்தேன். ஒருத்தன் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, இன்னொருத்தர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, “அவன் மனுசனே இல்ல” என்றாள். உப்பு போதுமா என்று கரண்டியை நீட்டினாள். போதும் என்றேன். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வழி தோன்றியது. சாவியை அந்த வீட்டிலேயே எங்காவது போட்டுவிட்டால்? கிடைத்துவிடும். தேடுவது நிற்கும். பேச்சு அடங்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

நீல வயரைக் கழற்றிவிட்டேன். அவ்வளவு புத்தி.

நவ. 15, சனி

வெயில். சாம்பல் பறக்கிறது. சட்டைக் காலர் கறுப்பு.

உருளை மாற்றினேன். குப்பத்து ஆட்கள் வந்து கேட்டைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தார்கள். அன்றைக்கு மதிலேறியவர்களும் இவர்கள்தான். ஒருத்தர் உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த தையல். “இன்னா பாய், மோட்டாரு மாட்றீங்க, மனுசன் வெளிய வர வழி வுட மாட்டீங்களா” என்று சிரித்தார். கிண்டல்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வாசலில் மீட்டர் பெட்டி. அதன் மேல் வைத்துவிட்டேன், யாரும் பார்க்காத நேரம். பிறகு ஒயரைப் பார்க்கிற மாதிரி அங்கே போய், நானே எடுத்தேன். தம்பி, இது என்ன பார் என்று சதீஷைக் கூப்பிட்டேன். நடிப்பு நன்றாக வருகிறது எனக்கு.

முகம் மலருவான் என்று நினைத்தேன். அப்படியே சிவந்துபோனான். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அம்மா முன்னால் தரையில் வீசினான். “தலைக்கு மேலயே இருந்துக்கீது. கண்ணு தெரியலியா உனக்கு? அப்பா கை போனதுக்கு நீதான்.”

தொலைத்தவள் என்பது போய்க் கொன்றவள் மாதிரி ஆகிவிட்டது. சாவி கிடைக்காமலே இருந்திருந்தால் ஒரு சந்தேகமாவது அவருக்கு மிச்சம் இருந்திருக்கும். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

அக்கா குனிந்து எடுத்தார். அழவில்லை. மீட்டர் பெட்டிக்கு எனக்குக் கையே எட்டாதே என்றார், யாரிடமும் இல்லாமல். சாவியை விரலில் தேய்த்துப் பார்த்தார். மூக்குக்கிட்டே கொண்டு போனார். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு மீன் கழுவப் போய்விட்டார்.

பல் பட்டையை நிமிர்த்தாமலே கிளம்பினேன்.

நவ. 16, ஞாயிறு

எங்கும் போகவில்லை. மழை. கொடித் துணியை மும்தாஜ் ரெண்டு தடவை எடுத்து ரெண்டு தடவை போட்டாள். டப்பாவைப் பரண் மேல் வைத்தேன். திரும்ப இறக்கினேன்.

நவ. 17, திங்கள்

காலை மேகமூட்டம், பிறகு சுள்ளென்று வெயில்.

கஜா அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. வலது கை மடியில், வேறு யாருடைய கையையோ வைத்துவிட்ட மாதிரி. வலை இழுத்த கை. என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். “சாப்டியா” என்றுதான் கேட்டார் என்று சதீஷ் பெருமையாகச் சொன்னான்.

பட்டை நிமிர்த்தி, புது பேட்டரி போட்டு, ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ரிமோட்டை அண்ணன் இடது கையில் கொடுத்தார்கள். அழுத்தினார். கேட் திறந்தது. பாதி வாயால் சிரித்தார். கரண்டைப் பிடுங்கிவிட்டு அழுத்தச் சொன்னேன். பேட்டரியிலும் திறந்தது. திரும்பவும் சிரித்தார். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி பின்பக்கம் போய்விட்டேன்.

அங்கே செல்வி அக்கா அருவாமனையில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“இந்த அருவாமனைய நைட்டு தொடைக்காம வெச்சா காத்தால செவந்து கெடக்கும் பாய். எங்க வூட்ல ஜன்னல் கம்பி உதிருது. கொக்கி உதிருது. மாசியிலேர்ந்து வாசல்ல கெடந்த சாவி மட்டும் கிரீஸு வாசனையோட பளபளன்னு கீது.”

நான் நின்றேன்.

“நான் புள்ளகிட்ட சொல்லல. சொன்னா உன் கைய முறிச்சுருவான். இந்த வூட்ல ஒரு கை போனது போதும்.”

அக்கா என்று மட்டும் வந்தது. அவர் செதிலை வழித்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாளும் அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் தயார் செய்திருப்பேன். எல்லாரும் செய்வதுதான் என்று சொல்லியிருப்பேன்.

அதற்குள் சதீஷ் வந்தான். சிரித்த முகம், கேட் ஓடிய சந்தோஷம். சாவியைப் பற்றித்தான் பேச்செடுத்தான்.

“பாய், அது உங்கிட்டயே இருக்கட்டும். அம்மாகிட்ட குட்த்தா மறுபடியும் பேஜாரு. உன்ன மாதிரி பொறுப்பான ஆளுகிட்ட இருந்தாதான் சரி.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்து நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

வாங்கிக்கொண்டேன்.

எழுதும்போது கை கூசுகிறது. வாங்கிக்கொண்டேன். டப்பாவில் போட்டேன். சதீஷ் பைக் வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

நவ. 18, செவ்வாய்

தூறல். டாக்டர் வீட்டுப் போர்டு வந்துவிட்டது. போகவில்லை.

மும்தாஜிடம் சொல்லிவிட்டேன், இது யாரோ ஒருத்தன் கதை இல்லை என்று. டப்பாவைத் திறந்து காட்டினேன். நிறைய நேரம் பார்த்தாள். இதெல்லாம் யார் யார் வீடு என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பச்சை டாக்டர். சிவப்பு குடோன். மஞ்சள் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு வீடு, அங்கே ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறாள். அதைச் சொல்லும்போது நிறுத்திவிட்டேன். அவள் மூடியைப் போட்டு என் பைக்குள் வைத்தாள், டிபன் பாக்ஸ் வைக்கிற மாதிரி.

நவ. 19, புதன்

மழை விட்டிருக்கிறது. காற்று மட்டும்.

முதலில் நெட்டுக்குப்பம். மற்ற வீடெல்லாம் அதற்கப்புறம். பெல் அடித்தேன். சதீஷ் உள்ளேயிருந்தே ரிமோட்டை அழுத்தினான். கேட் நழுவித் திறந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.

“இன்னா பாய், எதுனா மறந்துட்டுப் போய்ட்டியா?”

ஆமாம் என்றேன். சொல்ல ஆரம்பித்தேன். சாவியைக் காட்டியது, திரும்ப வாங்கியது, மீட்டர் பெட்டி, எல்லாம். கஜா அண்ணன் நாற்காலியில் இருந்தார். அவருக்கும் கேட்கும்படி சொன்னேன். நடுவில் சதீஷ் ஒரு அடி முன்னால் வந்தான். சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று நின்றேன். பிடிக்கவில்லை. நான் முடிக்கும்வரை அவன் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. முடித்த பிறகு திரும்பினான்.

சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. நேரே போய் அக்காவிடம் நீட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தேனோ. கையைத் துடைக்காமலே வாங்கிக்கொண்டார்.