அண்ணனின் ஹெட்செட்

அம்மா,

அண்ணனின் ஹெட்செட்டை என்னிடம் கொடுத்துவிடு. அவன் இறந்து போன இந்த ஏழு மாதமாக, இதை மட்டும் கேட்கவே கூடாது என்கிறாய். கேட்டுவிட்டேன்.

நாளெல்லாம் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், காதோரம் புண்ணாகிவிட்டது. தையல் வேலைக்குப் போய்ப் பத்து நாளாகிறது. "அவன் பேசுறான்டி" என்கிறாய். வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாய், நான் சொன்னால் மட்டும் கேட்கமாட்டாய்.

பழைய ஒயரின் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்துத்தான் நேற்று உனக்குப் புதியது தேடி அலைந்தேன். "கேம் ஆடறதுக்கா? கலர் லைட்டுக்குக் காசைக் கொட்டாதம்மா, காது மெத்தையைப் பாரு," என்றார் கடைக்காரர். மெத்தென்று, எடை குறைவாக, விலையும் கையைக் கடிக்காமல் ஒன்று கிடைத்தது.

இன்று காலை அதை எதிலும் செருகாமல், அளவு பார்க்க மாட்டினேன்.

"குட்டி, அம்மாவை வரச் சொல்லு. இங்க தனியா இருக்கேன்."

அவன் குரலேதான்.

உனக்குப் பைத்தியம் என்று கத்தினேனே, அது என் தப்பு. ஆனாலும் அவன் கூப்பிடும் இடத்துக்கு உன்னை அனுப்பமாட்டேன்.

சாப்பாடு அடுப்பு மேடையில். புண்ணுக்கு மருந்து போடு.

பி.கு: நீயாகத் தரமாட்டாய். நீ குளிக்கும்போதே இரண்டு ஹெட்செட்டையும் எடுத்துப் பையில் போட்டுவிட்டேன். நீ தேடிவர முடியாத இடத்தில் விட்டுவிட்டுத்தான் திரும்புவேன். ஜிப்பை மூடியும் பேசிக்கொண்டேதான் இருக்கிறான். பதில் சொல்லாமல் கூட்டிப்போகிறேன்.