அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஒட்டிய வசனங்கள்

1934, ஜூன் 4, திங்கள்

காலை முதல் புழுக்கம். மழை வருகிறாற்போல் கறுத்து, சிம்பாங் ரெங்கம் பக்கமாகப் போய்விட்டது.

இந்த நோட்டு பிரசங்கக் குறிப்பு எடுக்க அப்பா வாங்கித் தந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளும், ஆண்டவரே. ஜெபத்தில் சொல்ல வேண்டியவைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் வாய்விட்டுச் செய்ய வேண்டும். எனக்கு அது வராது.

இன்றைய வேலை:
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூன்றாம் வாய்ப்பாடு.
அம்மாவின் ரவிக்கைகள், இடப் பக்கம் பிரித்துத் தளர்த்த.
வசனங்கள், அட்டையில், பெரிய எழுத்தில். அப்பாவின் உத்தரவு.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. எழுதிவிட்டேன். இந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல். அப்பா 'சத்துருவின் அம்பு' என்கிறார். அம்மா 'இது' என்கிறாள். குளிக்க உதவப் போன நாளில் என் கண்ணில் படாதிருந்தால் இன்னும் மாராப்புக்குள் மறைத்தபடியே இருந்திருப்பாள்.

ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர், ஆபீஸ் கிராணியான அப்பாவிடம் போன மாதமே சொல்லிவிட்டார். "கிராணியாரே, எனக்குத் தெரிஞ்சது மலேரியாவும் கால் புண்ணும்தான். இது என் கையில இல்ல. ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து உபவாசம் என்று அறிவித்தார்.

ஜூன் 5, செவ்வாய்

அட்டைகள் ஒட்டியாயிற்று. தலைமாட்டில் சங்கீதம் 91, வாதை உன் கூடாரத்தை அணுகாது. கால்மாட்டில் ஏசாயா 53, அவருடைய தழும்புகளால் குணமாகிறோம். ஜன்னலை ஒட்டி எபேசியர் 6, தேவவசனமாகிய ஆவியின் பட்டயம். தலையணைக்கடியில் வேதாகமம். என் எழுத்து அழகாயிருக்கிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார். பி.ஏ. படித்ததற்கு இதுவரை கிடைத்த பலன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படுத்தபடியே சுற்றிப் பார்த்தாள்.

"உங்கப்பா சுவரு பூரா ஒட்டிட்டார். என் நெத்திதான் பாக்கி."

சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது போலும். பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 7, வியாழன்

லாரி நாள். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ஜோகூர் பாரு போகும் லாரி. டிரைவர் காசிம் பாய் முன் இருக்கையைக் காலியாக விட்டு, துணி விரித்து, எங்கள் வீட்டு முன் நிறுத்தினார். ஒவ்வொரு வியாழனும் இப்படித்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்பா வெளியே போய் ஏதோ சொன்னார். பாய் என்னைப் பார்த்து, "தீடா அப்பா, தங்கச்சி. அடுத்த வாரம் பாப்போம்" என்றார். மலாயில் அப்படியென்றால் பரவாயில்லையாம். பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவர் அவரா?

இருக்கையில் விரித்த துணியை மடிக்காமலே ஓட்டிப் போனார்.

ராச்சாப்பாட்டில் வசனச் சுற்று. எங்கள் வீட்டு வழக்கம்: பாயில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வசனம். அப்பா முதலில், பிறகு நான், தங்கை செல்வம், கடைசியில் அம்மா. அம்மா எப்போதும் ஒரே வசனம்தான், இயேசு கண்ணீர் விட்டார். வேதத்திலேயே சின்ன வசனம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் தப்பிக்கச் சொல்வது. அப்பாவுக்கு அதில் வருத்தம். அம்மாவுக்கு அக்கறை இல்லை. "சோறு ஆறுதுல்ல" என்பாள்.

இன்று அப்பா சங். 103. எல்லா நோயும் குணமாகும் இடம். என் முறை. காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தது: மத்தேயு 9. பிணியாளிக்கு வைத்தியன் வேண்டும் என்று கர்த்தரே சொல்கிறார். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கேட்டது. பிசைந்த சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஜூன் 8, வெள்ளி

அப்பா என்னைத் திட்டவில்லை. கொலோ. 3:20 சொன்னார். பிள்ளைகள் பெற்றாருக்கு எல்லாவற்றிலும் கீழ்ப்படிய வேண்டும். எங்கள் வீட்டில் இதுதான் திட்டு.

நான் 3:21 சொன்னேன். அதற்கு அடுத்த வசனம். பிதாக்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தக் கூடாது. செல்வத்துக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. எனக்குள் ஒரு மிதப்பு. மறைக்க மாட்டேன், நன்றாயிருந்தது.

கல்லூரி விடுதியில் பேசத் தெரியாத பெண் என்று பெயர் வாங்கியவள் நான். பேச்சுப் போட்டி மேடையில் நின்று அழுதவள். இங்கே அத்தியாயம், வசனம் என்றால் நாக்கு கத்தியாகிவிடுகிறது. அப்பா கூர் தீட்டித் தந்த கத்தி.

ஜூன் 10, ஞாயிறு

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆராதனை. பாதிரி ஐயர் ஜோகூர் பாருவிலிருந்து மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பா. பிரசங்கம் எபே. 6, சர்வாயுதவர்க்கம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியைக் கையில் உயர்த்திக் காட்டினார். இதைத் தினம் தீட்டாமல் மரத்துக்குப் போவீர்களா, அப்படியே வசனமும் என்றார். லயத்துக் கூலிச் சனங்கள் தலையசைத்தார்கள். 'துரைத்தனங்களோடும்' என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். துரை பங்களா பக்கத்திலேயே இருக்கிறது.

நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல. மனுஷரோடு அல்ல என்று அர்த்தம். அதே அதிகாரம், அதே வசனம். அதை வேகமாக வாசித்துத் தாண்டினார். நானும் கவனிக்காததுபோல் குறிப்பெடுத்தேன்.

முடிந்ததும் பெண்கள் அம்மாவைப் பற்றி விசாரித்தார்கள். காய்ச்சல் என்று சொல்ல அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். விசுவாசத்தில் குறை இல்லாதவருக்கு வியாதியின் பேரைச் சொல்ல ஏன் கூச்சம்? இன்றுதான் எனக்கு விளங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் டாக்டர் பார்த்துவிடுவான் என்பதுதான் காரணம். மற்றதெல்லாம் அதன் மேல் போர்த்திய வசனம்.

ஜூன் 11, திங்கள்

மழை, ஒருவழியாக. பால்வெட்டு இல்லை. கூரை ஒழுகி ஏசா. 53 அட்டையில் மை கரைந்துவிட்டது. வேறு எழுதச் சொன்னார். எழுதினேன்.

சுற்றில் நான் கொலோ. 4, பிரியமான வைத்தியனாகிய லூக்கா. அப்போஸ்தலனே ஒரு வைத்தியரைக் கூட வைத்திருந்தார் என்று சேர்த்துச் சொன்னேன். சுற்றில் விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னேன்.

அப்பா உடனே எடுத்தார். அவர் முறை முடிந்திருந்தும் எடுத்தார். 2 நாளாகமம் 16. ஆசா ராஜா. வியாதியில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினவன். அங்கே நிறுத்திக்கொண்டார். அடுத்த வசனம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அம்மா தன் சின்ன வசனத்தைச் சொன்னாள். சாப்பிட்டோம்.

பாத்திரம் கழுவும்போது கேட்டாள்.

"அந்த ராஜா அப்புறம் என்ன ஆனான்?"

"ஞாபகம் இல்லம்மா."

"பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு மறந்துபோச்சா."

ஈரக் கையோடு என் கன்னத்தைத் தட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி வீசியது அவள் மேல்தான் விழுந்திருக்கிறது.

பிசாசும் ஆண்டவரைச் சோதிக்க, 'எழுதியிருக்கிறதே' என்று வசனம் சொல்லிக்கொண்டுதான் வந்தான். இதை யாரிடம் சொல்ல?

ஜூன் 12, செவ்வாய்

அப்பாவுக்கு உபவாசம். முகம் வற்றிக் கிடக்கிறது. அவரைப் பார்த்தாலும் பாவமாயிருக்கிறது. அப்படிப் பாவமாயிருப்பதை நினைத்தாலும் கோபம் வருகிறது.

அம்மா செல்வத்தைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு ஆசா ராஜாவைத் தேடச் சொல்லியிருக்கிறாள். ஞாயிறு பள்ளியில் 'பட்டயம் உருவு' விளையாட்டில் செல்வம்தான் எப்போதும் முதல். வசனம் எங்கே என்று சொன்னால் போதும், மற்றப் பிள்ளைகள் பொருளடக்கம் பார்ப்பதற்குள் விரலை வைத்துவிடுவாள். இதையும் எடுத்து வாசித்திருக்கிறாள், கணீரென்று, அடுத்த வசனத்தோடு. ராஜா செத்தான் என்பதுவரை.

வாசித்த பிறகுதான் பயந்திருக்கிறாள். என்னிடம் ஓடிவந்து, "அக்கா, நான் வேணும்னு வாசிக்கல. அம்மா நிறுத்தச் சொல்லல" என்றாள்.

ஜூன் 13, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சுற்று. அப்பா சங். 91. நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். செல்வம் ஏதோ நீதிமொழி. அம்மாவின் முறை. சின்ன வசனம் வரும் என்று அப்பா சோற்றில் கை வைத்துவிட்டார்.

அம்மா சொன்னாள்: "ஆசா ராஜா செத்துட்டானாம். செல்வம் படிச்சா."

செல்வம் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"வைத்தியரத் தேடினான், செத்தான். சரிங்க. தேடாதவங்க எல்லாம் இன்னும் உசுரோடவா இருக்காங்க?"

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்கு லாரியில நான் ஏறுறேன்" என்றாள். என்னைக் கையால் காட்டி, "கிருபை கூட வரட்டும். அவளுக்கு இங்கிலீசு தெரியும்." பிறகு, வழக்கம்போல, "சாப்பிடுங்க. சோறு ஆறுது."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

ஜூன் 14, வியாழன்

காசிம் பாய் அம்மாவைப் பார்த்ததும், "அலமாக், கிராணியம்மா வந்துட்டாங்க" என்று கீழே குதித்து, துணியை உதறி விரித்தார். வழியெல்லாம் பள்ளம் பார்த்து ஓட்டினார்.

அப்பா வரவில்லை. கிளம்பும்போது சங். 91 அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்து, மடித்து, அம்மாவின் பையில் வைத்தார். என் கையெழுத்து. அம்மாவிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். பையின் வாரைச் சரிசெய்தார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இருந்தாள். வெள்ளைக்காரி, நரைத்த தலை, மெதுவான கை. பெண் டாக்டர்! யாராவது ஒருவர் முன்பே விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் லூக்காவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது என்று இங்கிலீசில் என்னிடம் சொன்னாள். மாதக்கணக்கில் தாமதம், ஏன் வரவில்லை என்று கேட்டாள். அறுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள். நான் தமிழில் சொல்ல வேண்டும். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமாம்மா."

"அவ்வளவு நீளமாப் பேசினாளே" என்றாள் அம்மா.

ஜூன் 16, சனி

வார்டில் இடம். பக்கத்துக் கட்டிலில் தெப்ராவ் ஊரிலிருந்து வந்த சீனப் பாட்டி, அம்மாவும் அவளும் கைச்சாடையில் பேசி ஆரஞ்சு பங்கு போடுகிறார்கள். சுவர் வெள்ளை, ஒன்றும் ஒட்டவில்லை. அம்மா நன்றாகத் தூங்குகிறாள். பையில் இருந்த அட்டையை நான் எடுத்து வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூன் 18, திங்கள்

காலை தூறல். அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது தாலியைக் கழற்றி என் கையில் தந்தாள். "உங்கப்பா வந்தா சாப்பிட்டாரான்னு கேளு."

வந்தார். ரயிலில். கோட்டு நனைந்து, கக்கத்தில் வேதாகமம். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதை வாசிக்கலாம், கிருபை?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணும் வேணாம்ப்பா."

கோபமாகத்தான் சொன்னேன். மூடி வைத்தார். சாப்பிட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை.

ஆண்டவரே, இந்த நோட்டில் ஒரு தடவைகூட உம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்போது உம்முடைய வாக்குத்தத்தத்தை உமக்கே எடுத்துக் காட்டிக் கேட்க வேண்டும் என்று அப்பா கற்றுக்கொடுத்தார். எனக்கு நிறையத் தெரியும். தேடினால் உடனே விரல் வைப்பேன். ஒன்றையும் எடுக்கவில்லை. வெறுங்கையோடு கேட்கிறேன்.

அம்மாவைத் திருப்பித் தாரும்.