எனக்கு நானே போட்ட முப்பத்தெட்டு

வீட்டு மகாராணியாரின் சமூகத்துக்கு,

அடியேன் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? சத்தியமாக ஒருவரும் நம்பாத கதை சொல்கிறேன், கேள்.

பள்ளியில் மலையளவு விடைத்தாள் திருத்திய வேகத்தில், மேற்படிப்புக்கான என் ஆய்வேட்டையும் சிவப்பு மையால் திருத்தி, முப்பத்தெட்டு மதிப்பெண் போட்டு, ‘பெற்றோரை அழைத்து வரவும்’ என்றெழுதிப் பேராசிரியரிடம் நீட்டிவிட்டேன். இதுவும் தேறாவிட்டால் படிப்பே போச்சு. அவர் சிரித்ததில் கட்டடம் மூன்று முறை குலுங்கியது.

“வாத்தியாரே, உங்க மேலேயே உங்களுக்கு இரக்கம் கிடையாதா? நான் பாஸ் போட்டுட்டேன். இந்த நரைமுடியோட அம்மாவை எல்லாம் கூட்டிட்டு வராதீங்க!”

மூன்று நாள் தூங்கினேன். நம் பிள்ளைகள் சண்டை போடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. நீங்கள் யாரும் இல்லாமல் இங்கே என் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

மணியடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன். மற்றதை நம்பாவிட்டாலும் போகட்டும். பாஸானது மட்டும் நிஜம்.