படகில்லாத வரைபடம்

கரையில் யாரோ ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறார்கள். அதற்குப் பூசும் ரெசின் பசையின் வாடை கடைக்குள் வந்து நிற்கிறது. இந்த வாடை வந்தாலே எனக்கு உன்மேல் கோபம் வந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபம் வைக்கக் கூடாது என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்கிறார். அவருக்கென்ன, அவர் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் நீ என் கடைக்கு வந்தாய். இங்கே பக்கத்து நாசரேத் ஊர்க்காரன், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் தலை நரைத்தவன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படகு வயர்லெஸ் பழுது பார்த்து, பிறகு கப்பல் கம்பெனிகள் கழித்துப் போட்ட கணினிகளைப் பிரித்து மாட்டி, நானாகக் கற்றுக்கொண்டவன். அப்படி ஒரு பழைய மெஷினில் நான் ஓட்டிக்கொண்டிருந்த நிரலை நீ குனிந்து பார்த்தாய்.

"ஏலே, இத யாரு ஒனக்குச் சொல்லித் தந்தா?"

"ஒருத்தரும் தரல்ல. அதான் ஒழுங்கா ஓடுது."

நீ சிரித்தாய். மறுநாளும் வந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் சங்கு குளிக்கப் போன படகு ஒன்று எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, இருட்டிய பிறகு கரை சேர்ந்தது. அதுவரை பெண்கள் கரையில் நின்றதை நாம் இருவரும் பார்த்தோம். சங்குப் படுகை செல்போன் கோபுரத்துக்கு எட்டும் தூரம்தானே, படகு நிற்கும் இடத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடியாதா என்று கேட்டேன். நம்முடைய வேலை அந்தக் கேள்வியில் தொடங்கியது. படகுக்கு ஒரு சின்னக் கருவி. அது தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுவதற்கு, எங்கோ தூரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள். கிளவுட் என்றார்கள். கடல்காரனுக்கு மேகத்தின்மேல் நம்பிக்கை வருமா? எனக்கு வரவில்லை. நீதான் வரவைத்தாய்.

எத்தனை செர்வர், எந்தத் தரவுக் கிடங்கு, செய்தி உள்ளே வர எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதினாய். மவுஸால் அமுக்கி அமுக்கிச் செய்வது உனக்குப் பிடிக்காது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் வேலிடேட்: கோப்பில் பிழை உண்டா என்று அது பார்த்துச் சொல்லும். பிறகு லாஞ்ச்: கோப்பில் உள்ளபடி ஒவ்வொன்றாக எழும்பி, பச்சை விளக்கு எரியும். ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்றவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், வாசிப்பவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். முதல் தடவை பிழை ஏதும் இல்லை என்று வந்ததும் நான் மேசையைத் தட்டினேன். நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்:

"கோப்பு ஒழுங்கா இருக்குன்னுதாம்லே அது சொல்லுது. கடல் ஒழுங்கா இருக்குன்னு சொல்லல்ல."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு போகாத நாளில் செர்வர் எதற்கு என்று சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் இறக்கிவிடுவோம். ஒன்றும் மிஞ்சாது, கோப்பு மட்டும் இருக்கும். ஞாயிறு மாலை நான் பூசை முடித்து, நீ உன் ஆராதனை முடித்து வந்து, மறுபடி புதிதாக எழுப்புவோம். "ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு, இது என்ன பெரிய மெஷினு?" என்பாய். நாம் இரண்டு சபைக்காரர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கருவிகளை உப்பு தின்றது. எந்தப் பெட்டியும் ஒரு மாதம் தாங்கவில்லை. கடைசியில் படகுக்குப் பூசும் ரெசினையே குழைத்து, திறக்க வழியில்லாதபடி நான் மூடினேன். "நோவா பேழைக்குக் கீல் பூசுன மாதிரில்லா இருக்கு" என்று நீயும் உட்கார்ந்து பூசினாய். அதன்பிறகு ஒரு கருவியும் சாகவில்லை. பூசியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கருவி செய்தி அனுப்ப வேண்டிய முகவரி அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அந்த முகவரியும் கிளவுட் கணக்கும் உன் ஒருவன் பெயரில் இருந்தன. என் பெயரையும் சேர் என்று நான் கேட்காத மாதமில்லை. "நான் என்ன நாளைக்கா சாவப் போறேன்?" என்றாய். நாளைக்குச் சாகவில்லை, உண்மைதான். போன மழைக்காலத்தில் போனாய்.

நீ போன பிறகும் வாராவாரம் நானே தட்டச்சு செய்து, நானே வாய்விட்டு வாசித்து எழுப்பினேன். ஒரு ஞாயிறு மாலை வேலிடேட் வழக்கம்போலப் பிழையில்லை என்றது. லாஞ்ச் கொடுத்தேன். இந்தக் கணக்கு மூடப்பட்டது என்று ஒரு வரி வந்தது. பெங்களூரில் இருக்கும் உன் மகனைக் கூப்பிட்டேன்.

"மாமா, அப்பா பேர்ல இருந்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணா முடிச்சிட்டு வாரேன். இதுல நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதே."

அவனுக்கு எப்படித் தெரியும்? பாவம், அவனும் கிளவுட் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். கணக்கோடு போன முகவரியைத் திருப்பித் தர, உரியவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. உரியவர் நீ.

என் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினேன். உன் கோப்பு முதல் தடவையிலேயே எழும்பியது. எல்லாம் பச்சை. வரைபடம் திறந்தது, கடல் நீலமாக விரிந்தது, ஒரு புள்ளி இல்லை. படகுகள் எல்லாம் இல்லாத முகவரிக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன, நாம் பூசிய ரெசினுக்குள்ளிருந்து. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையும் சேர்ந்து அறுபட்டுப் போயிற்று. புதிதாகச் செய்யலாம் என்றால், கருவிக்குள் ஓடும் நிரலை எழுதியவன் நீ. அதைக் கற்க உட்காருகிறேன். கண் ஒத்துழைக்கவில்லை, புத்தியும் முன்போல் பிடிப்பதில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

புதுக் கணக்குத் தொடங்கிய மறுவாரம் திங்கள் மதியம், சங்கு குளிக்கிறவரின் மனைவி ஜெசிந்தா கடைக்கு வந்தாள். மற்ற படகுகள் திரும்பிவிட்டன, அவள் வீட்டுக்காரர் போனது வரவில்லை.

"அண்ணாச்சி, எங்க போட்டு எங்கன நிக்கின்னு பாத்துச் சொல்லுங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"ஒரு போட்டையும் காணோமே. பச்ச லைட்டு எரியத்தான செய்யுது?"

"அது மெஷினு நல்லாருக்குன்னு எரியுதும்மா."

"மெஷினு நல்லாருந்து எனக்கு என்னத்துக்கு?" கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரி, வந்துருவாவன்னு வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. போறேன்."

"எனக்குத் தெரியல்லம்மா."

"அந்த நாசரேத்து அண்ணாச்சி இருந்தா சொல்லியிருப்பாவ."

சொல்லியிருப்பாயா? திரையில் இல்லாததைப் படகுக்காரர் வீட்டில் சொல்லாதே என்று என்னைத் திட்டியவன் நீ. ஆனால் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பாய் என்றும் தோன்றுகிறது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அவள் வெயிலில் இறங்கிக் கரைக்குப் போனாள். படகு பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு படகின் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. திரும்பிப் போகையில் அவள் என் கடைப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது மதியம் கடையைப் பூட்டிவிட்டு நானே கரைக்குப் போய்விடுகிறேன். கால் மணலில் புதைந்தால் சட்டென்று எடுக்க வரவில்லை. படகு கரையைத் தொட்டதும் அந்தந்த வீட்டுக்குப் போன் அடிக்கிறேன். "இன்னார் படகு வந்தாச்சு" என்பதற்கு மேல் பேச்சில்லை. வராத படகைக் கேட்டு வீட்டிலிருந்து யாராவது அழைத்தால், போனைக் காதில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறேன். அவர்கள் வைக்கும்வரை நான் வைப்பதில்லை.